போர்மியோவில் ஒரு கோடைக்காலம்

எங்கள் வயதுக்காரர்களுக்கு யுகோஸ்லாவியா என்றதும் மார்ஷல் டிட்டோதான் நினைவுக்கு வருவார். நேரு, நாசர், டிட்டோ மூவரும் சேர்ந்து நிற்கும் படம் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். 1961 இல் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு அந்த நாட்டுத் தலைநகர் பெல்கிரேடில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் தபால்தலை சேர்த்தவர்களிடம் அந்த நாட்டுத் தலை ஒன்றாவது இருக்கும். இன்றைய பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால், வரைபடத்தில் தேடிவிட்டு, அப்படி ஒரு நாடு இல்லையே தாத்தா என்பார்கள். உண்மைதான், இல்லை. ஆனால் அந்த நாட்டின் பன்னிரண்டு பையன்கள் ஒரே சட்டை போட்டு உலகத்தை வென்ற ஒரு கோடைக்காலம் இருந்தது. அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கூடைப்பந்தில் ஆசை வந்தது பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது. பள்ளிக்குப் பின்னால் ஒரு மைதானம், அதில் ஒரு கம்பம், ஒரு வளையம். மணி அடித்ததும் நானும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பனும் அங்கே ஓடுவோம். பின்னாளில் அவன் பிரான்சுக்குப் போனான். நான் புதுச்சேரியிலேயே அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து கோப்புகளோடு காலம் தள்ளினேன். அவன் அங்கிருந்து பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளைக் கட்டி அனுப்புவான். 1987 இல் வந்த ஒரு கட்டில்தான் போர்மியோ என்ற ஊர்ப் பெயரை முதலில் பார்த்தேன்.

உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தை எல்லோரும் ஃபிபா என்கிறோம். அது பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். 1932 இல் ஜெனிவாவில் தொடங்கியபோது வைத்த பெயரின் கடைசிச் சொல் 'அமத்தேர்', அதாவது பணத்துக்காக ஆடாதவர். அந்தச் சொல் பின்னர் பெயரிலிருந்து நீங்கிவிட்டது, சுருக்கம் மட்டும் நின்றுவிட்டது. இளைஞர்களுக்கான உலகப் போட்டியை இந்தச் சம்மேளனம் 1979 இல் பிரேசிலில் ஆரம்பித்தது. பத்தொன்பது வயதை ஒட்டிய பையன்களின் தேசிய அணிகள் மோதும் போட்டி. முதல் கோப்பை அமெரிக்காவுக்கு. நான்கு வருஷம் கழித்து ஸ்பெயினில் நடந்த இரண்டாவதும் அமெரிக்காவுக்கே. மூன்றாவது 1987 இல், இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் போர்மியோவில்.

போர்மியோ, வால்டெல்லினா என்ற பள்ளத்தாக்கின் மேல் முனையில், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஊர். சுமார் 1200 மீட்டர் உயரம். வெந்நீர் ஊற்றுகளும் பனிச்சறுக்கும் அந்த ஊரின் பெருமை. அந்த ஜூலையில் அங்கே மழை கொட்டியது, வெள்ளம் வந்தது. ஜூலை 28 ஆம் தேதி காலையில், போர்மியோவுக்குச் சில கிலோமீட்டர் கீழே, ஒரு மலையின் பக்கமே சரிந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. கிராமங்கள் புதைந்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கீழிருந்து ஊருக்கு வரும் சாலை மூடிப்போனது. அந்தச் சோகத்தை ஒட்டிய நாட்களில்தான் மேலே போர்மியோவில் உலகம் முழுவதிலிருந்தும் வந்த பையன்கள் பந்தாடினார்கள். இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 5 ஆம் தேதி.

யுகோஸ்லாவிய அணியைப் பார்ப்போம். அந்த நாடு ஆறு குடியரசுகள் சேர்ந்தது: சுலோவேனியா, குரோஷியா, போஸ்னியா, செர்பியா, மான்டிநீக்ரோ, மாசிடோனியா. இரண்டு எழுத்துமுறைகள், மூன்று பெரிய மதப்பிரிவுகள். அணியும் அப்படித்தான் இருந்தது. டோனி குக்கோச் கடலோர ஊரான ஸ்பிளிட்டைச் சேர்ந்த குரோஷியர், இடதுகைக்காரர். ஆறேமுக்கால் அடிக்கு மேல் உயரம் இருந்தும், குட்டையான ஆட்டக்காரர் போலப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார், கண் மூடித் திறப்பதற்குள் அடுத்தவருக்குக் கொடுப்பார். அதே ஊர்க்காரர் டினோ ராஜா. நம்மூர்ப் பெயர் போல ஒலித்தாலும் அவரும் குரோஷியர்தான். விளாடே டிவாச், செர்பியாவின் பிரியெபோலியே என்ற சின்ன ஊரில் பிறந்து, கூடைப்பந்துக்காகச் சிறுவயதிலேயே வீட்டை விட்டு வேறு ஊர் போனவர். அலெக்சாண்டர் ஜோர்ஜெவிச் பெல்கிரேடுக்காரர். லூகா பாவிசெவிச் மான்டிநீக்ரோக்காரர். தியோமான் அலிபெகோவிச்சும் சமீர் அவ்திச்சும் போஸ்னிய முஸ்லிம் குடும்பப் பெயர் தாங்கியவர்கள்.

பயிற்சியாளர் ஸ்வெட்டிஸ்லாவ் பெஷிச்சே அந்த நாட்டுக் கலவைக்கு ஓர் உதாரணம். பிறந்தது செர்பியாவின் நோவி சாட். ஆடியது போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில், 'போஸ்னா' கிளப்புக்காக. 1979 இல் அந்த கிளப் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அவரும் அணியில் இருந்தார். பிறகு அதே கிளப்புக்குப் பயிற்சியாளரானார். இந்தத் தலைமுறைப் பையன்கள் 1985 இல் பல்கேரியாவில் நடந்த ஐரோப்பியச் சிறுவர் பட்டத்தையும், 1986 இல் ஆஸ்திரியாவில் நடந்த ஐரோப்பிய இளைஞர் பட்டத்தையும் ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். மூன்றாவது கோடையாக ஒரே அறைகளில் தூங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள்.

எதிரே அமெரிக்கா. அவர்களும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. பயிற்சியாளர் லாரி பிரவுன், அடுத்த வருஷமே கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கல்லூரிப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தவர். அணியில் கேரி பேட்டன், லாரி ஜான்சன், ஸ்டேசி ஆக்மன். மூவரும் பின்னாளில் என்.பி.ஏ. தொழில்முறை ஆட்டத்தில் பெயர் எடுத்தவர்கள். தங்கள் நாட்டில் பிறந்த ஆட்டம், முந்தைய இரண்டு கோப்பைகளும் தங்களுடையவை. நம்பிக்கையோடுதான் வந்தார்கள்.

முதல் கட்டத்திலேயே இரு அணிகளும் மோதின. யுகோஸ்லாவியா 110, அமெரிக்கா 95. அந்த ஆட்டத்தில் குக்கோச் மட்டும் 37 புள்ளிகள். இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். ஃபிபா 1984 இல்தான் மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தது. வளையத்திலிருந்து 6.25 மீட்டர் தள்ளி அரைவட்டமாக ஒரு கோடு. அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. நாங்கள் ஆடிய காலத்தில் இதெல்லாம் கிடையாது. அன்று குக்கோச் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து பன்னிரண்டு முறை வீசினார். பதினொன்று உள்ளே போனது.

கணக்குப் பார்த்தே பழகிய கை, சும்மா இருக்காது. பதினொன்று பெருக்கல் மூன்று, முப்பத்துமூன்று. மொத்தம் 37 இல் மீதி நான்குதான் மற்ற வழியில் வந்தவை. அவ்வளவு உயரமான பையன் வளையத்தடியில் நின்று பந்து போடுவான் என்று எதிர்பார்ப்பதுதான் அன்றைய வழக்கம். அவன் தூரத்தில் நின்று போட்டால் யார் தடுப்பது? இன்று ஏழடி ஆட்டக்காரர்கள் தூரத்திலிருந்து வீசுவதைத் தொலைக்காட்சியில் சாதாரணமாகப் பார்க்கிறோம். அன்று அது புதுசு.

ஒரு முறை தோற்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இறுதி ஆட்டத்தில் அதே இரண்டு அணிகள் மறுபடியும் நின்றன. இந்தத் தடவை அமெரிக்கர்களுக்கு எதிராளியைத் தெரியும். ஆனாலும் யுகோஸ்லாவியா 86, அமெரிக்கா 76. ஒரே போட்டியில் இரண்டு முறை தோற்கடித்தாயிற்று. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் குக்கோச். பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் கழுத்தில் தங்கத்தோடு நின்றார்கள். செர்பியனின் தோளில் குரோஷியனின் கை, அதன்மேல் போஸ்னியனின் கை.

அதே வருஷம் ஏப்ரலில், போர்மியோவுக்கு மூன்று மாதம் முன்பு, ஸ்லோபோடான் மிலோசெவிச் என்ற கட்சித் தலைவர் கொசோவோவுக்குப் போய் அங்கிருந்த செர்பியக் கூட்டத்திடம் பேசினார். டிட்டோ 1980 இல் இறந்த பிறகு அடங்கியிருந்த இனப் பேச்சுக்கு அன்று மேடை கிடைத்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. பையன்கள் பந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சீக்கிரமே பெரியவர்களின் அணிக்கு ஏறினார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் குக்கோச், டிவாச், ராஜா மூவரும் வெள்ளி வாங்கினார்கள். 1989 இல் ஐரோப்பியப் பட்டம். ஸ்பிளிட் நகரின் 'யுகோபிளாஸ்டிகா' கிளப், பெயரே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் பெயர், 1989 முதல் 1991 வரை தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பிய கிளப் கோப்பையை வென்றது. குக்கோச் மூன்றிலும் இருந்தார். 1990 இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகப் போட்டியிலும் யுகோஸ்லாவியாவுக்கே தங்கம்.

அந்த 1990 இறுதி ஆட்டம் முடிந்த நிமிடத்தில் ஒரு ரசிகர் குரோஷியக் கொடியோடு மைதானத்துக்குள் ஓடிவந்தார். டிவாச் அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டார். நாம் ஒரே நாடாக ஜெயித்தோம், தனிக்கொடி எதற்கு என்பது தன் எண்ணம் என்று அவர் பின்னால் விளக்கினார். குரோஷியாவில் அதை யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அணியின் பெரிய நட்சத்திரம் டிராஜன் பெட்ரோவிச் குரோஷியர். போர்மியோப் பையன்களுக்குச் சில வயது மூத்தவர், டிவாச்சின் நெருங்கிய நண்பர். அவர் டிவாச்சோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஜூன் கடைசியில் ஐரோப்பியப் போட்டி ரோம் நகரில். போர்மியோவின் நால்வர், குக்கோச், ராஜா, டிவாச், ஜோர்ஜெவிச், மறுபடியும் இத்தாலி மண்ணில் ஒரே சட்டையில் இருந்தார்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 25 ஆம் தேதி, சுலோவேனியாவும் குரோஷியாவும் சுதந்திரம் அறிவித்தன. இரண்டு நாளில் சுலோவேனியாவில் சண்டை தொடங்கியது. அணியில் இருந்த சுலோவேனியர் யூரி ஸ்டோவ்ச் அரையிறுதிக்கு முன் விலகினார்; அவருடைய அரசாங்கத்தின் உத்தரவு அப்படி. மீதிப் பேர் ஜூன் 29 அன்று இத்தாலியை வென்று தங்கம் வாங்கினார்கள். எந்த நாட்டுக்காக வாங்கினார்களோ, அந்த நாடு அப்போதே உடைந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய நாட்டின் அணி வென்ற கடைசிப் பெரிய பட்டம் அதுதான்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குரோஷியா தனி நாடாக ஆடியது. குக்கோச்சும் ராஜாவும் பெட்ரோவிச்சும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிறைந்த அமெரிக்க அணியிடம் 117 க்கு 85 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். ஐ.நா. தடையால் செர்பியாவும் மான்டிநீக்ரோவும் சேர்ந்த புதிய யுகோஸ்லாவியா வரவே முடியவில்லை. டிவாச்சும் ஜோர்ஜெவிச்சும் வீட்டில் இருந்தார்கள்.

1993 ஜூன் 7 ஆம் தேதி ஜெர்மனியில் ஒரு சாலை விபத்தில் பெட்ரோவிச் இறந்தார். வயது 28. டிவாச்சோடு சமாதானம் ஆகவே இல்லை.

1995 ஜூலை 2, ஏதென்ஸ். தடை தளர்ந்து திரும்பிவந்த யுகோஸ்லாவியா, ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் லிதுவேனியாவை 96 க்கு 90 என்று வென்றது. ஜோர்ஜெவிச் மட்டும் 41 புள்ளிகள். மூன்றாவது இடம் குரோஷியாவுக்கு. பரிசளிப்பில், தங்கம் வாங்க யுகோஸ்லாவியர்களை அழைத்தபோது, வெண்கலம் வாங்கியிருந்த குரோஷிய அணி மேடையை விட்டு இறங்கி நடந்து போய்விட்டது. போர்மியோவில் தோளில் கை போட்டு நின்றவர்கள், எட்டே வருஷத்தில், ஒரே மேடையில் நிற்க முடியாதவர்களானார்கள்.

அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஏதென்ஸ் இரவுக்குப் பத்து நாட்களுக்குள், போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊர் விழுந்தது. ஆயிரக்கணக்கான முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் கொன்றார்கள். ஊரில் பிணம் விழும்போது விளையாட்டு மேடையில் கை குலுக்கு என்று யாரிடம் சொல்வது? விளையாட்டு நாடுகளை ஒன்று சேர்க்கும் என்று மேடையில் பேசுகிறோம். யுகோஸ்லாவியாவைவிட நன்றாகச் சேர்ந்து விளையாடிய அணி உண்டா? ஒன்றும் ஆகவில்லை. கூட ஆடுகிறவன் எந்தக் கையால் பந்து தருவான் என்பதை விளையாட்டு சொல்லிக்கொடுத்தது. அவன் எந்த நாட்டான் என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன்களை யாரும் கேட்கவில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புதுச்சேரி நண்பர்களுக்கு 1962 நினைவிருக்கும். ஆகஸ்ட் 16 ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் வேறு வேறு நாடுகளாயின. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. என் பெஞ்சு நண்பனின் அப்பா கொடுத்தார். எங்கள் இருவருக்கும் அப்போது பன்னிரண்டு வயது. அவன் வளர்ந்து சொல்தாவாகப் போனான், பதினைந்து வருஷம் பட்டாளம், பிறகு பென்ஷன். நல்லவேளை, நம் ஊரில் யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

ஆனால் வார்த்தைக்குத் துப்பாக்கி தேவையில்லை. 1990 வாக்கில் அவன் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு கல்யாண வீட்டில், முனிசிபாலிட்டி பற்றி ஏதோ குறை சொன்னான். பென்ஷனுக்காகப் பாஸ்போர்ட் வாங்கியவர்களெல்லாம் ஊர் நியாயம் பேச வேண்டாம் என்று நான் பத்துப் பேர் நடுவே சொல்லிவிட்டேன். இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அந்தப் பாஸ்போர்ட்டை அவன் வாங்கவில்லை, அவன் அப்பா போட்ட கையெழுத்து அது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அதற்குப் பிறகு பத்திரிகைக் கட்டு வரவில்லை.

2010 இல் டிவாச், பெட்ரோவிச் நட்பைப் பற்றி 'ஒன்ஸ் பிரதர்ஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. அதைச் சில வருஷம் கழித்து என் மகன் கணினியில் போட்டுக் காட்டினான். டிவாச் அதில் ஜாக்ரெப் நகருக்குப் போகிறார். பெட்ரோவிச்சின் தாயாரைப் பார்க்கிறார். கல்லறைக்குப் போகிறார். குக்கோச்சும் ராஜாவும் அந்தப் படத்தில் வந்து பேசுகிறார்கள். உயிரோடு இருந்தவர்கள் மெல்ல மெல்லத் திரும்பிவந்தார்கள். குக்கோச், டிவாச், ராஜா மூவர் பெயரும் அமெரிக்காவில் இருக்கும் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இன்று இருக்கின்றன. இறந்தவரிடம் சொல்ல வேண்டியதைத்தான் டிவாச்சால் சொல்ல முடியவில்லை.

பெஷிச் இன்னும் ஓயவில்லை. 2002 இல் அமெரிக்க மண்ணிலேயே அமெரிக்காவை வீழ்த்தி உலகக் கோப்பை வென்ற யுகோஸ்லாவிய அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். டிவாச்சும் அதில் ஆடினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் செர்பியாவை வழிநடத்தி, அரையிறுதியில் அமெரிக்காவிடம் நான்கே புள்ளியில் தோற்று, வெண்கலத்தோடு போனார். அப்போது வயது 74. என் செட்டுதான். நான் மாடிப்படி ஏறவே யோசிக்கிறேன்.

அந்த ஆவணப்படம் பார்த்த அன்று ராத்திரி, பழைய டைரியில் தேடி, இன்னொருவரிடம் கேட்டு, நண்பனின் நம்பரை வாங்கிப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். குரலைக் கேட்டதும் யாரென்று கண்டுபிடித்துவிட்டான். கல்யாண வீட்டுப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். சரி விடுடா என்றான். யுகோஸ்லாவியா பற்றி ஒன்றும் பேசவில்லை. பள்ளிக்கூடத்துப் பின்னால் இருந்த அந்த வளையத்துக்கு வலை இருந்ததா, இல்லையா என்று அரைமணி நேரம் சண்டை போட்டோம். இருந்தது என்கிறான் அவன். இல்லவே இல்லை.